முன்னால் போன வால்

அத்தியாயம் 11

டீச்சரின் கன்னத்தில் ஒரு ரிப்பன் பளீரென்று அறைந்ததோடு போன வாரம் நாம் பிரிந்தோம். அறைந்தது ஆள் இல்லை, வெறும் காற்று. ஆனால் ஆள் அறைந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நடந்தது இவ்வளவுதான். மறுநாள் எட்டாம் வகுப்பில் சூரியக் குடும்பம், திருப்புதல் பாடம். மேலதிகாரி வந்து உட்கார்ந்து பார்க்கப்போகிற பாடம். ஆறு வருடமாகத் தற்காலிகமாகவே இழுத்துக்கொண்டு கிடக்கும் டீச்சரின் வேலை, அந்த ஒரு மணி நேரத்தை வைத்துத்தான் நிரந்தரமாக வேண்டும்.

ஒத்திகை பார்க்கலாம் என்று கணவரின் மோட்டார் வைண்டிங் கடைக்குப் போனாள். ஸ்டாண்ட் ஃபேனைச் சூரியனாக நிறுத்தினாள். பழைய ரப்பர் பந்தில் நாலு வெள்ளி ரிப்பனைக் குத்தினாள். வால்நட்சத்திரம் தயார்.

சூரியனை நோக்கி நடந்தபோது வால் பின்னால் வந்தது. சரி. ஃபேனைச் சுற்றிக்கொண்டு விலகிப் போகும்போது, வால் பின்னால்தானே இழுபடும் என்று பந்தைத் தோளுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டாள். ரிப்பன் தோளைத் தாண்டி முன்னால் பாய்ந்து கன்னத்தில் அறைந்தது.

அப்போதுதான் அவளுக்குக் கேள்வி ஏழு ஞாபகம் வந்தது.

மூன்று வாரத்துக்கு முந்தைய தேர்வு. ‘சூரியனைச் சுற்றிவிட்டு விலகிச் செல்லும் வால்நட்சத்திரத்தை வரைக.’ இரண்டு மதிப்பெண். நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்தொரு பேர் வாலைப் பின்னால் வரைந்திருந்தார்கள். கரும்பலகையில் டீச்சர் அப்படித்தான் வரைந்து காட்டியிருந்தாள். ஒருத்தி மட்டும் வாலை முன்னால் வரைந்திருந்தாள். அந்தத் தாளைத் தூக்கி வகுப்புக்கே காட்டி, “வண்டி போனா புகை முன்னாடியா வரும்?” என்று டீச்சர் சிரித்தாள். டீச்சர் சிரித்தால் வகுப்பு சும்மா இருக்குமா? அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு ‘முன்வால்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

முன்வால் வேறு யாரும் இல்லை, டீச்சரின் நாத்தனார் மகள். டீச்சர் வீட்டு மாடியில்தான் இருக்கிறாள்.

உண்மையைச் சொன்னால் அதனால்தான் டீச்சர் அன்று கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள். சொந்தக்காரப் பெண் என்பதால் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். அந்த இரண்டு மதிப்பெண் போனதில், கோளரங்கத்தில் நடக்கும் பத்து நாள் முகாமுக்குப் போகிற ஒரே இடம் ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் கைநழுவியது. நாத்தனார் நூலகப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். டீச்சர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “பள்ளிக்கூட விஷயத்தை வீட்டுக்குள்ள கொண்டு வராதே” என்று சொல்லிவிட்டாள். அன்று பூட்டிய மாடிக் கதவுதான், இன்னும் திறக்கவில்லை.

இனி இன்றைய பொழுதுக்கு வருவோம்.

விடிந்ததும் விடியாததுமாக மாடியில் தையல் மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. நாத்தனார் பள்ளிச் சீருடைகள் தைப்பவள். அவள் மனசைத் தெரிந்துகொள்ள முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, மெஷினைக் கேட்டால் போதும். மூன்று வாரமாக அது யாரோ துரத்துகிற மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது.

“உன் முகமே சரியில்லையே. ராத்திரி தூங்கினியா இல்லையா?” என்றார் கணவர். விரல் நுனியெல்லாம் வார்னிஷ் கறையோடு டீ கிளாஸைப் பிடித்திருந்தார்.

“தூங்கினேன். எழுந்ததும் புஸ்தகத்தையும் பார்த்துட்டேன். அவ வரைஞ்சதுதாங்க சரி. வால் எப்பவும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் நீளும். போகும்போது வால் முன்னாடி, அது பின்னாடி.”

“சரி, இப்ப என்ன பண்ணப்போறே?”

“இன்னிக்கு வகுப்புல சொல்லப்போறேன்.”

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். “இன்னிக்கேவா? மேலதிகாரி உட்கார்ந்திருக்கும்போதா?”

“முகாம் பட்டியல் இன்னிக்கு நாலு மணிக்குப் போகுது. நாளைக்குச் சொல்லி என்ன பிரயோஜனம்?”

“ஏம்மா, ரெண்டு மார்க்குக்காக ஆறு வருஷ உழைப்பைத் தூக்கிக் கொடுப்பியா?”

“மார்க் மட்டும் இல்லங்க. நான் சிரிச்சேன். அதைப் பார்த்து ஊரே சிரிச்சுது.”

அவர் மாடியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அந்தப் பக்கம் தங்கை, இந்தப் பக்கம் இவள். மூன்று வாரமாக இரண்டு பக்கமும் தலையாட்டியே மனுஷனுக்குக் கழுத்து வலி வந்துவிட்டது.

“ஃபேனைப் பத்து மணிக்குக் கொண்டு வந்து வெச்சிடறேன்” என்றார் கடைசியில். “ஸ்பீடு மூணுல வை. நாலு போட்டா தலையாட்டும்.”

இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் சம்மதம் சொல்லும் விதம் அதுதான். டீச்சர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பள்ளியில் தலைமையாசிரியரின் அறைக்கு நேராகப் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. எந்தப் பிரச்சினையையும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் அது அங்கேயே செத்துப்போகும் என்று நம்புகிறவர், அவ்வளவுதான்.

“டீச்சர், முதல்ல உங்க ஆர்டர் கைக்கு வரட்டும். அடுத்த வாரம் காதும் காதும் வெச்ச மாதிரி திருத்திக்கலாம்.”

“அடுத்த வாரம் முகாமே ஆரம்பிச்சிடும் சார்.”

“அந்தப் பொண்ணு அடுத்த வருஷம் போகட்டுமே. சின்னப் பசங்க, மறந்துடுவாங்க.”

“சார், நான் சிரிச்சது நாப்பத்திரண்டு பேர் முன்னாடி. திருத்தறதை மட்டும் காதோட காதா பண்ணச் சொல்றீங்களே, அது என்ன நியாயம்?”

தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே பளிச்சென்று இருந்த கண்ணாடி.

“உங்களுக்கு நிரந்தரம் ஆகணும்னு மூணு தடவை எழுதிப் போட்டவன் நான். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது.”

“அழ மாட்டேன் சார்” என்றாள் டீச்சர். திரும்பிப் பார்க்காமல் வகுப்புக்கு நடந்தாள்.

மேலதிகாரி கடைசி பெஞ்சில் வந்து அமர்ந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, நரைத்த தலை, மடியில் ஒரு நீலக் கோப்பு. முகத்தில் இப்படியும் இல்லை, அப்படியும் இல்லை. மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் முன்வால், மேஜையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரமாக அவள் டீச்சரின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. மாடிப்படியில் எதிரே வந்தால்கூடச் சுவரைப் பார்த்துக்கொண்டு போய்விடுவாள்.

டீச்சர் பாடத்தை ஆரம்பித்தாள். நடுப் பெஞ்சு வரிசையில் இருந்தவர்களை எழுப்பி நிற்கவைத்தாள்.

“முன் வரிசை செவ்வாய். பின் வரிசை வியாழன். நடுவுல நிக்கிற நீங்கள்லாம் யாரு?”

“சிறுகோள்கள், மிஸ்!”

“என்னத்தால ஆனது?”

“பாறை, மிஸ்! உலோகம், மிஸ்!”

“சூரியனைச் சுத்துமா, சும்மா நிக்குமா?”

“சுத்தும் மிஸ்!” என்று சொன்னதோடு நில்லாமல் இரண்டு சிறுகோள்கள் சுற்றவும் கிளம்பிவிட்டன. அவற்றைப் பிடித்து உட்காரவைக்க வேண்டியதாயிற்று.

பிறகு சட்டைப் பொத்தான் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். “வானத்துல சர்ருனு ஒரு கோடு போடுமே, எரிநட்சத்திரம்னு சொல்றோமே, அது எவ்வளவு பெரிசு இருக்கும்?”

“வீடு அளவு!” “பஸ் அளவு!”

“பெரும்பாலும் இந்தப் பொத்தானை விடச் சின்னது. ஒரு மணல் பருக்கை. அது வர்ற வேகத்துல காத்து சூடேறி அப்படிப் பளிச்சுனு எரியுது. நட்சத்திரத்துக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. முழுசா எரியாம கொஞ்சம் மிஞ்சித் தரையில வந்து விழுந்தா?”

“விண்கல், மிஸ்!”

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இப்படியே மணி அடிக்கும்வரை ஓட்டிவிடலாம். வால்நட்சத்திரம் பனியும் தூசும் கலந்த கட்டி என்று இரண்டு வரியில் முடித்துவிட்டால் ஆர்டர் கைக்கு வந்துவிடும். அந்த ஆசை டீச்சருக்கு வரவில்லை என்று நான் சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். வந்தது. ஒரு முழு நிமிடம் கையில் டஸ்டரோடு நின்றாள்.

பிறகு கரும்பலகையின் பக்கம் திரும்பி, மூன்று வாரத்துக்கு முன் வரைந்த அதே படத்தை வரைந்தாள். சூரியன், விலகிப் போகும் வால்நட்சத்திரம், பின்னால் வால்.

“இது நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த படம். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு மிஸ்!”

“இது தப்பு.”

பின் பெஞ்சில் பேனா மூடி திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

டீச்சர் ஃபேனைப் போட்டாள். ஸ்பீடு மூன்று. பந்தைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஃபேனை நோக்கி நடந்தாள். ரிப்பன் பின்னால் பறந்தது. ஃபேனைச் சுற்றி வந்து விலகி நடந்தாள். ரிப்பன் நாலும் அவளுக்கு முன்னால் நீண்டு, அவளை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி பறந்தன.

“மிஸ், அப்ப வால்நட்சத்திரம் ரிவர்ஸ்ல போகுதா?” என்றான் வகுப்பின் வாயாடி.

“அது நேராத்தான் போகுது. நாமதான் ரிவர்ஸ்ல புரிஞ்சுக்கிட்டோம். நாம இல்ல, நான். வண்டிப் புகைக்குக் காத்து உண்டு, பின்னாடி தள்ளும். அங்க ஏது காத்து? சூரியன்லேர்ந்து கிளம்பி வர்ற ஒளியும் துகளும்தான் வாலைத் தள்ளுது. அதனால சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் நீளும், எந்தப் பக்கம் போனாலும் சரி.”

டஸ்டரை மேஜையில் வைத்தாள்.

“கேள்வி ஏழை இந்த வகுப்புல ஒருத்தர்தான் சரியா எழுதினாங்க. அவங்களுக்கு நான் முட்டை போட்டேன். அவங்க தாளைத் தூக்கிக் காட்டிச் சிரிச்சேன். ‘புக்குல பார்த்தேன் மிஸ்’னு அவங்க சொன்னப்ப, ‘என் நோட்ஸைப் படி’ன்னு சொன்னேன். மூணுமே தப்பு. அன்னிக்கு எல்லாரும் பார்த்தீங்க, அதனால இன்னிக்கும் எல்லாரும் பார்க்கச் சொல்றேன். என்னை மன்னிச்சுக்கோம்மா.”

முன்வால் அசையவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

“இந்தப் பந்தைப் பிடிச்சுக்கிட்டு நீயே ஒரு தடவை நடந்து காட்டறியா?”

அவள் எழுந்திருக்கவில்லை. பத்து நொடி போயிற்று, இருபது நொடி போயிற்று. டீச்சர் பந்தை நீட்டிய கையை மடக்காமல் நின்றாள். வராவிட்டால் வராமல் போகட்டும், மணி அடிக்கும்வரை இப்படியே நிற்பது என்று முடிவு செய்துவிட்டாள்.

அந்தப் பெண் எழுந்து வந்தாள். பந்தை வாங்கினாள். நடக்காமல், ரிப்பன்களில் இரண்டைப் பிரித்து விரலால் கொஞ்சம் வளைத்துப் பிடித்தாள்.

“மிஸ், வால் ஒண்ணு இல்ல. ரெண்டு” என்றாள் மெதுவாக. “வாயு வால் நேரா இருக்கும். தூசி வால் இப்படிக் கொஞ்சம் வளைஞ்சு இருக்கும்.”

டீச்சருக்கு அது அரைகுறையாகத்தான் தெரியும். “அது எனக்குச் சரியாத் தெரியாது. நீ சொல்லு, நான் எழுதறேன்” என்று சாக்பீஸை எடுத்துக்கொண்டாள்.

முன்வால் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதினாள். யாரும் சிரிக்கவில்லை. வாயாடி மட்டும், “சூப்பர்டி” என்றான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று பெருமூச்சு விடுவதற்குள் முதல் பெஞ்சிலிருந்து வகுப்பு லீடர் பெண் எழுந்தாள். முகாமுக்குத் தேர்வாகியிருந்தவள் அவள்தான்.

“மிஸ், அப்ப நான் போகலையா?”

அந்தக் கேள்விக்கு டீச்சர் காலையிலேயே பதில் தயார் செய்து வைத்திருந்தாள். இப்போது அந்தக் கண்களைப் பார்த்ததும் தயார் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று.

“இல்லம்மா. உன் மார்க்குல நான் கை வைக்கல, நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் நீ எழுதினே. ஆனா அவளுக்கு ரெண்டு கூடுது. உன்னை ஆசைப்பட வெச்சு இல்லேன்னு சொல்றதும் என் தப்புதான். உன் வீட்டுக்கு நானே வந்து சொல்றேன்.”

பெண் தலையாட்டிவிட்டு உட்கார்ந்து டெஸ்க்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தப்பைத் திருத்துவது அப்படியொன்றும் சுகமான வேலை இல்லை. அழித்த இடத்தில் பேப்பர் கொஞ்சம் கிழியத்தான் செய்கிறது.

மூன்றரை மணிக்குத் தலைமையாசிரியர் அறையில் கூப்பிட்டார்கள். மேலதிகாரி முகாம் பட்டியலில் பழைய பெயரை அடித்து, புதிய பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“டீச்சர், நான் இன்னிக்கு உங்க பாடத்தைப் பார்க்க மட்டும் வரல.”

நீலக் கோப்பைத் திறந்து ஒரு காகிதத்தை நகர்த்தினார். புகார்க் கடிதம். எட்டாம் வகுப்பு அறிவியல் டீச்சர் சரியான பதிலுக்கு முட்டை போட்டார், பிள்ளையை வகுப்பில் கேலி செய்தார், ஆதாரம் காட்டியும் பார்க்க மறுத்தார், இப்படிப்பட்டவருக்கு நிரந்தர வேலை தரக் கூடாது. கீழே, ‘ஒரு பெற்றோர்’.

எழுதியது யார் என்று தெரிய டீச்சருக்கு அதைப் படித்து முடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. காகிதத்தின் ஓரத்தில் தோள், மார்பு, கை நீளம் என்று கட்டம் போட்டிருந்தது. தேதியில் ஏழுக்கு நடுவே குறுக்குக் கோடு. அளவு நோட்டில் ஒன்றும் ஏழும் குழம்பக் கூடாது என்று நாத்தனார் போடுகிற கோடு.

“யார் எழுதினதுன்னு தெரியுதா?”

“தெரியுது மேடம். சொல்ல மாட்டேன்.”

“நானும் கேக்கல. இன்னிக்கு நீங்களே எல்லாத்தையும் ஒத்துக்கிட்டீங்க. ஆனா புகார் வந்தா விசாரிக்காம உத்தரவு கொடுக்க முடியாது. திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை. அதுவரைக்கும் உங்க ஆர்டர் நிக்கும்.” கோப்புக்குள் மடித்து வைத்த இன்னொரு காகிதத்தைத் தொட்டுப் பார்த்தார். “கூடவே ரெண்டாவது காகிதம் ஒண்ணு வந்திருக்கு. அதை அன்னிக்கே படிக்கலாம்.”

“பாடம் எப்படி இருந்தது மேடம்?”

“நல்லா இருந்தது. அதனாலதான் எனக்குக் கஷ்டமா இருக்கு.”

லீடர் பெண்ணின் வீட்டுக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டு டீச்சர் வீடு திரும்பும்போது ஆறு மணி. வாசலில் கால் வைத்ததுமே ஏதோ ஒன்று குறைந்த மாதிரி இருந்தது. பிறகுதான் புரிந்தது. மெஷின் ஓடவில்லை.

மாடிப்படியின் நடுவில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கண் வீங்கியிருந்தது. மாடிக் கதவு விரியத் திறந்து கிடந்தது.

“பொண்ணு வந்து எல்லாத்தையும் சொன்னா, அண்ணி. நீங்க எல்லாரும் பார்க்க மன்னிப்புக் கேட்டீங்களாமே.” குரல் உடைந்தது. “நான் ஒரு காரியம் பண்ணிட்டேன் அண்ணி. கோவத்துல…”

“தெரியும். பார்த்தேன்.”

நாத்தனார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். “நாளைக்கே போய் நான் வாபஸ் வாங்கிடறேன். பொய்னு எழுதிக் கொடுத்துடறேன்.”

“எதுக்குப் பொய்னு எழுதணும்?” டீச்சர் அவளுக்குக் கீழ்ப் படியில் உட்கார்ந்தாள். கோபம் வரவில்லையா என்றால், வந்தது. வழி முழுக்க வந்தது. ஆனால் கடிதத்தில் எந்த வரி பொய் என்று வழி முழுக்கத் தேடியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. “நீ புக்கோட வந்தப்ப நான் திறந்துகூடப் பார்க்கல. அதைத்தானே எழுதியிருக்கே? அது அப்படியே இருக்கட்டும். நீ வாபஸ் வாங்கக் கூடாது. திங்கட்கிழமை நான் போய்ப் பதில் சொல்லிக்கிறேன்.”

“வேலை போயிட்டா?”

“போனா போகட்டும்னு சொல்ல மாட்டேன். அது என் வேலை, அவ்வளவு சுலபமா விட மாட்டேன். ஆனா பொய் சொல்லிக் காப்பாத்திக்கவும் மாட்டேன்.” ஒரு மூச்சு விட்டாள். “அந்த ரெண்டாவது காகிதத்துல என்ன எழுதினே? அதை அவங்க காட்டல.”

நாத்தனார் கண்ணைத் துடைத்த கை பாதியில் நின்றது.

“ரெண்டாவதா? நான் ஒரு காகிதந்தான் எழுதினேன் அண்ணி. கவரை ஒட்டி இவ கையில கொடுத்து தபால்பெட்டியில போடச் சொன்னேன்.”

இருவரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தார்கள். கதவு நிலையில் முன்வால் நின்றிருந்தாள், கையில் அந்த ரப்பர் பந்து.

“நான்தான் கவரைப் பிரிச்சு, நான் எழுதினதையும் உள்ள வெச்சேன்” என்றாள். பிறகு, மூன்று வாரத்தில் முதல்முறையாக டீச்சரின் முகத்தை நேராகப் பார்த்தாள். “அது போன வாரம் எழுதினது, அத்தை. இன்னிக்கு எழுதியிருந்தா வேற மாதிரி எழுதியிருப்பேன்.”

அவள் பந்திலிருந்த ரிப்பனை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் எழுந்து, நாத்தனாரைத் தாண்டி, மூன்று படி ஏறிப் போய் அந்த ரிப்பனை விரலிலிருந்து மெல்லப் பிரித்துவிட்டாள்.

“எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்டி. திங்கட்கிழமை அதைப் படிக்கும்போது நான் முன் பெஞ்சுல உட்கார்ந்து கேக்கறேன்.”